மருந்து அடித்தும் அடங்காத உருளைக்கிழங்குக் கருகல்: கிருமி எப்படி மாறியது?

மதுரை மாட்டுத்தாவணி காய்கறிச் சந்தையில் இறங்கும் உருளைக்கிழங்கு மூட்டைகளில் அநேகமாக எதுவும் மதுரை மண்ணில் விளைந்ததல்ல. நம் சமவெளி வெயில் அந்தச் செடிக்கு ஒத்துவராது. இரவில் குளிர் இறங்கினால்தான் மண்ணுக்குள் கிழங்கு பருக்கும். அதனால் கோடைக்கானல் மேல்மலையிலிருந்து வத்தலக்குண்டு வழியாகவும், நீலகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டி வழியாகவும், கர்நாடகத்திலிருந்தும், ஆக்ரா பக்கத்துக் குளிர்பதனக் கிடங்குகளிலிருந்தும் அது நம்மிடம் வந்து சேர்கிறது. நோன்பு மாதத்துச் சமோசா, கட்லெட், பூரிக்கு வைக்கும் மசாலா, கறிக்குழம்பில் ஆளுக்கு இரண்டு துண்டு என்று நாம் சாப்பிடும் கிழங்கெல்லாம் இந்த வழிகளில் வந்ததுதான். இவற்றில் மலைக்கிழங்குக்கு எப்போதுமே விலை கூடுதல். ருசி அப்படி.

மலைக்கிழங்கின் வரத்து குறைந்து விலை ஏறும்போது மழை, டீசல், லாரி வாடகை, இடைத்தரகர் என்று காரணங்கள் சொல்லப்படும். எல்லாமே உண்மையாக இருக்கலாம். ஆனால் மலைக்காட்டில் பயிர் வைப்பவரிடம் கேட்டால் வேறொன்றும் சொல்வார்: "பாய், போன வருசம் கேட்ட மருந்து இந்த வருசம் கேட்கலை." மருந்து போலி, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்ற கோபமும் அந்தப் பேச்சில் இருக்கும். போலி மருந்து நாட்டில் இல்லாமல் இல்லை. ஆனால் அசல் மருந்தை, சரியான அளவில், சரியான நாளில் அடித்தும் நோய் நிற்காமல் போவதற்குத் தனியாக ஒரு காரணம் உண்டு. மருந்து மாறவில்லை, கிருமி மாறிவிட்டது. அது எப்படி நடந்தது, நம் தென்னிந்திய மலைகளில் அதற்கு என்ன சான்று இருக்கிறது என்பதே இந்தக் கட்டுரை. எழுதுபவன் மதரஸாவிலும் கலைக் கல்லூரியிலும் படித்தவன். அறிவியல் சொற்களை முடிந்தவரை வீட்டுத் தமிழில் சொல்கிறேன்.

ஒரே வாரத்தில் கருகும் வயல்

நோயின் பெயர் பின்பருவ இலைக்கருகல். கிருமியின் பெயர் பைட்டோப்தோரா இன்ஃபெஸ்டன்ஸ். முதலில் இலையின் ஓரத்தில் வெந்நீர் பட்டது போல ஒரு திட்டு தெரியும். ஓரிரு நாளில் அது பழுப்பாகி, பிறகு கறுப்பாகும். பனி விலகாத காலை நேரத்தில் இலையைத் திருப்பிப் பார்த்தால் திட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி போல மெல்லிய படலம் இருக்கும். அந்தப் பொடிதான் நோயின் விதை. காற்றில் பறந்து பக்கத்துச் செடி, பக்கத்து வயல், அடுத்த சரிவு என்று போய்விடும். குளிரும் மூட்டமும் தூறலும் சேர்ந்தால், இலையில் விழுந்த விதை மூன்று முதல் ஐந்து நாட்களில் நோயாகி, தானும் பொடி தூவத் தொடங்கும். ஒரு வாரம், பத்து நாளில் பச்சை வயல் தீய்ந்து நிற்பது அப்படித்தான். மழைநீரோடு பொடி மண்ணில் இறங்கினால் கிழங்கையும் பிடிக்கும். தோலுக்கு அடியில் செம்பழுப்பாக அழுகல் ஓடும்.

இந்தக் கிருமி பார்வைக்குப் பூஞ்சாணம் போல இருந்தாலும் உண்மையில் பூஞ்சாணம் அல்ல. கடலில் வளரும் பழுப்புப் பாசிகளுக்குத்தான் இது உறவு. இதன் உடற்சுவர் பூஞ்சாணத்தின் சுவரைப் போல கைட்டினால் ஆனதல்ல, பெரும்பாலும் செல்லுலோஸ். குளிர்ந்த நீரில் இதன் பொடி வெடித்து, உள்ளேயிருந்து வால் முளைத்த நீந்தும் விதைகள் வெளிவரும். இலைமேல் ஒரு துளி தண்ணீர் இருந்தாலே நீந்தப் போதும். இந்த வேறுபாடு புத்தகத்தோடு முடிகிற விஷயம் அல்ல. சாதாரணப் பூஞ்சாண மருந்துகளில் பல இதன்மேல் வேலை செய்யாது. இதற்கென்று தயாரித்த மருந்துகளோ உண்மையான பூஞ்சாணத்தை ஒன்றும் செய்யாது.

மதுரைச் சமவெளியில் தக்காளி போடுபவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். உருளையைப் பிடிக்கும் இதே கிருமி தக்காளியையும் பிடிக்கும். ஆனால் நம் பக்கத்து வெயிலில் இதன் பொடி சீக்கிரம் காய்ந்து செத்துவிடும். இங்கே தக்காளி இலையில் வட்டத்துக்குள் வட்டமாகக் கோலம் போட்டது போல வருவது பெரும்பாலும் முன்பருவக் கருகல். அது ஆல்டர்நேரியா என்ற உண்மையான பூஞ்சாணத்தால் வருவது. "கருகல்தானே" என்று பின்பருவக் கருகலுக்கான மெட்டாலாக்சிலை வாங்கி அதற்கு அடித்தால், அந்தப் பணம் மண்ணில் கொட்டியதற்குச் சமம். சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்கால்களின் கதை வேறு. அங்கே வேரழுகி வாடல் வருவது பைட்டோப்தோரா இனத்தைச் சேர்ந்த இன்னொரு கிருமியால். கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சையில் வரும் அடிச்சாம்பல் நோய்க் கிருமியும் இதே கூட்டத்துக்கு உறவுதான். ஆகவே மலையில் நடப்பதைச் சமவெளிக்காரர் வேடிக்கை பார்த்துவிட்டுப் போக முடியாது.

அயர்லாந்து முதல் ஊட்டி வரை

1845-ல் அயர்லாந்தை இந்த நோய் தாக்கியது. ஏழைகள் உருளைக்கிழங்கை மட்டுமே நம்பிப் பிழைத்த நாடு அது. அவர்கள் அதிகமாகப் பயிரிட்டதும் லம்பர் என்ற ஒரே ரகம். சில ஆண்டுகளில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் பசியிலும் அதைத் தொடர்ந்த நோய்களிலும் இறந்தார்கள். இன்னொரு 10 லட்சம் பேர் கப்பலேறி நாட்டை விட்டார்கள். நோய் மட்டும் இவ்வளவு பேரைக் கொன்றது என்று சொல்ல முடியாது. வயலில் கிழங்கு அழுகிக்கொண்டிருந்தபோதே அந்நாட்டுத் துறைமுகங்களிலிருந்து தானியம் ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தது.

இந்தப் பஞ்சத்தில் முஸ்லிம் உலகின் பெயரும் வருகிறது. 1847-ல் உதுமானிய சுல்தான் அப்துல் மஜீத் 1,000 பவுண்டு நிவாரணம் அனுப்பினார். அயர்லாந்துப் பிரமுகர்கள் கையெழுத்திட்டு அனுப்பிய நன்றிக் கடிதம் துருக்கியில் பாதுகாக்கப்படுகிறது. அவர் 10,000 பவுண்டு தர நினைத்ததாகவும், விக்டோரியா ராணி தந்தது 2,000 என்பதால் அதை மிஞ்ச வேண்டாமென்று குறைக்கச் சொன்னதாகவும் ஒரு செய்தி உண்டு. மூன்று கப்பல் நிறையத் தானியம் இரகசியமாகப் போனது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதற்கு அந்த அளவு உறுதி கிடையாது. ஆவணத்தில் இருக்கும் 1,000 பவுண்டே போதுமான பெருமை.

நம் மலைகளுக்கு உருளைக்கிழங்கு வந்தது ஆங்கிலேயர் காலத்தில். 1820-களில் ஊட்டியில் குடியேறிய கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் காலத்திலேயே நீலகிரியில் பயிராகத் தொடங்கிவிட்டது. கருகல் நோயும் பின்னாலேயே வந்தது. இந்தியாவில் இந்நோய் முதலில் பதிவானது நீலகிரியில்தான், 1870-க்கும் 1880-க்கும் இடையில். டார்ஜிலிங் பகுதியில் அதன் பிறகே காணப்பட்டது. அதாவது இந்த நோயோடு நம் மாநிலத்துக்கு இருக்கும் பழக்கம் ஒன்றரை நூற்றாண்டுப் பழக்கம்.

நீலகிரியில் நீர்ப்போகம், கார்போகம், கடைப்போகம் என்று வருடத்தில் மூன்று முறை கிழங்கு போடுவார்கள். விவசாயிக்கு இது வருமானம். கிருமிக்கோ இது வருடம் முழுக்கக் கிடைக்கும் தீனி. வட இந்தியச் சமவெளியில் கோடை வெயில் வந்து வயலைச் சுத்தம் செய்துவிடுகிறது. மலையில் அந்த ஓய்வு கிடையாது. ஒரு வயல் அறுவடையாகும்போது பக்கத்து வயல் பச்சையாக நிற்கிறது.

மருந்து தேர்ந்தெடுத்த கிருமி

முதலில் இருந்த மருந்து மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை. 1880-களில் பிரான்சில் திராட்சைக்காகக் கண்டுபிடித்தது. பிறகு மான்கோசெப் போன்றவை வந்தன. இவையெல்லாம் இலைமேல் போர்வை போலப் படிந்து, விழும் விதையைக் கொல்பவை. இலைக்குள் புகுந்துவிட்ட கிருமியை இவை ஒன்றும் செய்யாது. பெருமழை பெய்தால் கழுவிக்கொண்டு போகும். அடித்த பிறகு முளைக்கும் புதுத் தளிருக்கும் பாதுகாப்பு இல்லை.

1977-ல் மெட்டாலாக்சில் சந்தைக்கு வந்தபோது விவசாயிகளுக்கு அது ஒரு அதிசயம் போலத் தோன்றியிருக்க வேண்டும். செடிக்குள் ஊடுருவும், தளிருக்கும் ஏறும், உள்ளே புகுந்த கிருமியையும் நிறுத்தும். ரிடோமில் என்ற பெயரில் பலருக்கும் தெரிந்த மருந்து இதுதான். இது வேலை செய்யும் விதம் நுட்பமானது. கிருமி தன் புரதங்களைத் தயாரிக்கும் பட்டறைக்குத் தேவையான ஆர்என்ஏ உருவாவதை இது தடுக்கிறது. ஒரே ஒரு இடத்தில் விழும் அடி. பலமும் பலவீனமும் அதுவேதான். பூட்டு கொஞ்சம் மாறினால் சாவி சேராது. மான்கோசெப் அப்படியல்ல, ஒரே நேரத்தில் பல இடங்களில் அடிக்கிறது. அத்தனை பூட்டையும் ஒருசேர மாற்றுவது கிருமிக்குச் சுலபமில்லை.

மெட்டாலாக்சில் வந்து மூன்றே ஆண்டுகளில், 1980-லேயே, அயர்லாந்திலும் நெதர்லாந்திலும் அது வயலில் தோற்றது. அதன் பிறகுதான் அதைத் தனியாக விற்பதைக் குறைத்து, மான்கோசெப்புடன் சேர்த்து விற்கும் வழக்கம் பரவியது. நம் கடைகளில் 8 சதவீத மெட்டாலாக்சிலும் 64 சதவீத மான்கோசெப்பும் சேர்ந்து வருவது அந்த ஏற்பாடுதான். இருந்தும் நீலகிரியில் மெட்டாலாக்சிலுக்கு அடங்காத கிருமி இருப்பதை 1990-களின் தொடக்கத்திலேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். "மருந்து அடித்து அடித்துக் கிருமிக்குப் பழகிவிட்டது" என்கிறோம். நாம் காரத்துக்குப் பழகுவது போல ஒரு தனிக் கிருமி மருந்துக்குப் பழகுவதில்லை. கோடிக்கணக்கான விதைகளில் எங்கோ ஒன்றிரண்டில் பிறவியிலேயே பூட்டு மாறியிருக்கும். மருந்து இல்லாத வயலில் அதற்குத் தனிச் சலுகை எதுவும் இல்லை. மருந்து விழுந்ததும் மற்றவை அழிகின்றன, அது தப்புகிறது. ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். தப்பிய ஒன்று ஐந்து நாளுக்கு ஒருமுறை 20 வாரிசுகளை வெற்றிகரமாக விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது சுற்றில், அதாவது 25 நாளில், 32 லட்சம். அத்தனையும் அந்த மருந்துக்கு அடங்காதவை. மருந்து புதுக் கிருமியைப் படைக்கவில்லை. இருந்தவற்றில் மோசமானதைத் தேர்ந்தெடுத்து வயலை அதன் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டது.

இதனால்தான் நோய் வயலெங்கும் பரவிய பிறகு ஊடுருவும் மருந்தை அடிப்பது இரட்டை நட்டம். அப்போது வயலில் கிருமியின் எண்ணிக்கை மிக அதிகம்; தப்பக்கூடிய ஒன்று அதில் இருப்பதற்கான வாய்ப்பும் அதிகம். கலவை மருந்து "கொஞ்சம் கேட்டது, அப்புறம் கேட்கலை" என்று விவசாயி சொல்வதற்கும் இதில் விளக்கம் இருக்கிறது. மெட்டாலாக்சில் பாதி செயலற்றுப் போன வயலில் மான்கோசெப் பாதி மட்டும் தனியாகக் காவல் நிற்கிறது. வெயில் நாளில் அது தாங்கும். நாலு நாள் அடைமழை பெய்தால் போய்விடும். அசல் மருந்துதான், ஆனால் பாதி மருந்து.

இதைச் சோதித்துப் பார்க்க ஆய்வகத்தில் எளிய முறை உண்டு. ஆரோக்கியமான இலையை வட்டத் துண்டுகளாக வெட்டி, மருந்து பல அளவில் கலந்த நீரில் மிதக்கவிட்டு, வயலிலிருந்து எடுத்த கிருமியை அவற்றின்மேல் வைக்கிறார்கள். வெறும் நீரிலும் அதிக மருந்திலும் ஒரே மாதிரி செழித்தால் அது அடங்காத வகை. இடைப்பட்ட வகையும் உண்டு.

நீலப் பதின்மூன்று

மருந்தை எதிர்ப்பது ஒரு பக்கம். எந்த வகைக் கிருமி எங்கே பரவுகிறது என்பது இன்னொரு பக்கம். இதைப் புரிந்துகொள்ள அதன் பிறப்பு முறையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தக் கிருமி இணை இல்லாமலே தன்னைத்தானே அச்செடுத்தது போலப் பெருகும். வயலில் நாம் காணும் வெள்ளைப் பொடி அப்படி வந்ததுதான். இணை சேர்ந்து பெருகுவதும் உண்டு. அதற்கு ஏ1, ஏ2 என்ற இரண்டு வகைகள் ஒரே செடியில் சந்திக்க வேண்டும். சந்தித்தால் தடித்த தோலுடைய விதைகள் உண்டாகி, செடியே இல்லாவிட்டாலும் மண்ணில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். பெற்றோரின் குணங்களும் கலைந்து புதுப்புதுச் சேர்க்கைகள் பிறக்கும். மெக்சிகோவின் தொலூக்கா பள்ளத்தாக்கில் இரண்டும் காலங்காலமாக உண்டு. உலகின் மற்ற இடங்களில் நெடுங்காலம் ஏ1 மட்டுமே இருந்தது. யுஎஸ்-1 என்று பெயரிட்ட ஒரே குடும்பம் பல கண்டங்களில் பரவியிருந்தது. அயர்லாந்துப் பஞ்ச காலத்தில் காயவைத்துப் பாதுகாத்த இலைகளிலிருந்து 2013-ல் கிருமியின் மரபணுவைப் படித்தார்கள். அதுவும் ஒரே குடும்பம்தான் என்று தெரிந்தது. யுஎஸ்-1-க்கு நெருங்கிய உறவு, ஆனால் அதுவே அல்ல. அதற்கு ஹெர்ப்-1 என்று பெயர் வைத்தார்கள்.

1980-களில் ஐரோப்பாவில் ஏ2 தென்பட்டது. இந்தியாவின் வட மலைகளில் 1990-களில் அது வந்திருப்பது தெரிந்தது. 2004 வாக்கில் நெதர்லாந்து, ஜெர்மனிப் பகுதிகளில் ஒரு புதுக் குடும்பம் கிளம்பியது. மரபணு ரேகை வரிசையில் அதன் எண் 13, இணை வகை ஏ2. ஆகவே 13 ஏ2 என்று பெயர். ஆய்வாளர்கள் செல்லமாக நீலப் பதின்மூன்று என்பார்கள். பிரிட்டனில் 2005-ல் காணப்பட்டு, மூன்றே ஆண்டுகளில் அங்கிருந்த பழைய வகைகளைப் பெரும்பாலும் ஓரங்கட்டிவிட்டது. மெட்டாலாக்சிலுக்கு அடங்காது. சீக்கிரம் நோயாகும், அதிகப் பொடி தூவும். எதிர்ப்புச் சக்தி உள்ளவை என்று நம்பப்பட்ட ரகங்கள் சிலவற்றையும் அது வீழ்த்தியது.

2009, 2010-ல் தென்னிந்தியாவில் தக்காளியில் கருகல் கடுமையாக வந்தது. உருளையிலும் அதுவே. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் பி. சௌடப்பாவும் அவருடன் பணியாற்றியவர்களும் வயல்களிலிருந்து கிருமிகளைச் சேகரித்து மரபணு ரேகை எடுத்தார்கள். தக்காளி பற்றிய ஆய்வு 2013-லும், உருளையும் தக்காளியும் சேர்ந்த விரிவான ஆய்வு 2015-லும் வெளியாயின. கிடைத்த விடை தெளிவானது. நம் பக்கத்தில் முன்பு இருந்த யுஎஸ்-1 குடும்பத்தின் இடத்தில் நீலப் பதின்மூன்று உட்கார்ந்திருந்தது. மெட்டாலாக்சிலுக்கு அடங்காத அதே ஐரோப்பியக் குடும்பம். விதைக்கிழங்கோடு அது வந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். காற்றில் பறந்து ஐரோப்பாவிலிருந்து ஊட்டிக்கு வர முடியாது அல்லவா. கிழங்குக்குள் ஒளிந்து, சீல் வைத்த மூட்டையில் வர முடியும்.

மரபணு ரேகை என்பது கைரேகை போன்றது. கிருமியின் மரபணுவில் சில இடங்களில் சின்னச் சின்ன எழுத்துத் துண்டுகள் திரும்பத் திரும்ப வரும். எத்தனை முறை வருகிறது என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். அப்படிப்பட்ட பத்துப் பன்னிரண்டு இடங்களை எண்ணிப் பார்த்தால் இன்ன குடும்பம் என்று சொல்லிவிடலாம். நோயுற்ற இலையை ஒரு ரசாயன அட்டையில் வைத்து நசுக்கினால் போதும். உயிருள்ள கிருமியைச் சுமக்காமலே அந்த அட்டையைத் தபாலில் ஆய்வகத்துக்கு அனுப்பலாம்.

ஒரே குடும்பம்தானே, அப்படியானால் வேறுபாடு ஏது என்று கேட்கலாம். இணை சேராமல் அச்செடுத்தாலும் அச்சு அச்சாக வருவதில்லை. சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். கிழக்கிந்தியாவில் பிறகு நடந்த ஆய்வுகளில் நீலப் பதின்மூன்றுக்குள்ளேயே பல கிளைகள் இருப்பது தெரிந்தது. சாதாரண உயிர்களைப் போல இரண்டு தொகுப்பு மரபணு இல்லாமல் மூன்று தொகுப்பை வைத்திருப்பதும் இதற்கு வசதி. ஒரு பிரதி கெட்டாலும் கையில் உபரி இருக்கிறது. 2009-ல் இக்கிருமியின் முழு மரபணுவைப் படித்தபோது அது 24 கோடி எழுத்து நீளமுள்ளது என்றும், அதில் முக்கால் பங்கு திரும்பத் திரும்ப வரும் வெற்றுத் தொடர் என்றும் தெரிந்தது. செடியைத் தாக்கும் ஆயுத மரபணுக்கள் அந்தக் குழப்பமான பகுதிகளில்தான் அதிகம் கிடக்கின்றன. அங்கேதான் மாற்றமும் வேகமாக நடக்கிறது.

ரகம் காப்பாற்றுமா?

மருந்தைக் குறைக்க நல்ல வழி, நோய் தாங்கும் ரகம். சிம்லாவைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் ஊட்டி அருகே முத்தோரையில் 1957 முதல் ஒரு நிலையத்தை நடத்துகிறது. 1968-ல் வெளியான குப்ரி ஜோதி நம் மலைகளில் நெடுங்காலம் கோலோச்சிய ரகம். வந்தபோது கருகலைத் தாங்கியது, பிறகு தாங்கவில்லை. ரகம் கெட்டுப்போனதாக அர்த்தமில்லை. செடி கிருமியின் ஒரு குறிப்பிட்ட ஆயுதத்தை அடையாளம் கண்டு தற்காத்துக்கொண்டிருந்தது. அந்த ஆயுதத்தைக் கைவிட்ட கிருமி உள்ளே வந்துவிட்டது. மருந்தில் நடந்த அதே கதை.

நீலகிரிக்கு முட்டைக்கூடு நூற்புழு என்று இன்னொரு தலைவலியும் உண்டு. 1961-ல் அங்கே கண்டுபிடிக்கப்பட்ட அதன் காரணமாக, நீலகிரிக் கிழங்கை விதைக்காக வெளி மாநிலங்களுக்கு அனுப்பத் தடை வந்தது. ஆகவே அங்கே ஒரு ரகம் ஜெயிக்க வேண்டுமானால் இரண்டு எதிரிகளையும் தாங்க வேண்டும். குப்ரி சுவர்ணா, குப்ரி நீலிமா, குப்ரி சஹ்யாத்ரி ஆகியவை அந்த நோக்கத்தில் வந்தவை. ஆனால் மண்டியில் வியாபாரி கேட்பது பழகிய நிறமும் பழகிய வடிவமும். புது ரகத்துக்கு விலை குறைத்துக் கேட்டால் விவசாயி மறுபடி பழைய ரகத்துக்கும் மருந்துக்குமே திரும்புவார். இந்த விஷயத்தில் வாங்கும் நமக்கும் பங்கு இருக்கிறது என்பது என் கருத்து.

பெயர் மாறினால் மருந்து மாறியதாகாது

மருந்தை மாற்றி மாற்றி அடியுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பெரிய குழப்பம் இங்கேதான். கடையில் பெட்டியின் நிறமும் கம்பெனிப் பெயரும் மாறும். உள்ளே இருப்பது ஒன்றாகவே இருக்கும். மெட்டாலாக்சிலுக்குப் பதில் மெட்டாலாக்சில்-எம் வாங்கினால் அது மாற்றமே அல்ல, அதே குடும்பம். டைமெத்தோமார்ஃப், மாண்டிப்ரோபமிட் இரண்டும் பெயரில் தூரம், ஆனால் கிருமியின் உடற்சுவர் உருவாவதைத் தடுக்கும் ஒரே குழு. ஒன்றுக்கு அடங்காத கிருமி மற்றதற்கும் அடங்காது. டென்மார்க்கில் தொடங்கி வட ஐரோப்பாவில் பரவிய 43 ஏ1 என்ற குடும்பம் இந்தக் குழுவையே மீறி நிற்கிறது. நம் நாட்டுக்கு அது வருமுன் இங்கிருக்கும் மருந்துகளை வீணடிக்காமல் இருப்பது நல்லது. சைமாக்சானில் வேறு குழு; மான்கோசெப் வேறு. உலக அளவில் ஃப்ராக் என்ற அமைப்பு ஒவ்வொரு குழுவுக்கும் எண் கொடுத்திருக்கிறது. மெட்டாலாக்சிலுக்கு 4, டைமெத்தோமார்ஃபுக்கும் மாண்டிப்ரோபமிட்டுக்கும் 40, சைமாக்சானிலுக்கு 27. லேபிளில் எண் அச்சாகியிருக்காவிட்டாலும், சிறிய எழுத்தில் இருக்கும் உட்பொருளின் பெயரைப் பார்த்து வாங்க வேண்டும்.

மான்கோசெப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கிருமி இதை மீறியதில்லை என்பதற்காக இதையே மழையாகக் கொட்டுவது சரியல்ல. உடல்நலக் காரணங்களால் ஐரோப்பிய ஒன்றியம் 2020-ல் இதன் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. அதே ஆண்டு இந்திய அரசு தடை செய்ய உத்தேசித்து வெளியிட்ட 27 மருந்துகளின் வரைவுப் பட்டியலிலும் இது இருந்தது. அடிப்பவர் முகத்தை மூடாமல், வெறுங்கையோடு அடிக்கிறார் என்பதை மலைக்குப் போகும் எவரும் பார்க்கலாம். சாப்பிடும் நமக்கு வரும் ஆபத்தைவிட அவருக்கு வருவது பல மடங்கு.

மருந்துக்கு முன்னால் செய்யக்கூடியவை இருக்கின்றன. நோயற்ற விதைக்கிழங்கு முதலாவது. அழுகல் உள்ளதைக் கழித்து நட்டாலே பாதி வேலை முடிந்தது. கழித்த கிழங்கை வரப்போரம் குவித்து வைத்தால் அதில் முளைக்கும் செடிதான் அடுத்த போகத்துக்கு நோயைப் பாதுகாத்து வைக்கும் இடம். அதைக் குழியில் புதைக்க வேண்டும். மண் அணைப்பை உயர்த்தினால் பொடி கிழங்கைத் தொடாது. காப்பு மருந்தை நோய் தெரியுமுன், மூட்டம் கட்டும்போதே அடிக்க வேண்டும். வானிலையை வைத்து நோய் வருமா என்று கணிக்க, ஆராய்ச்சி நிறுவனம் இண்டோ-ப்ளைட்காஸ்ட் என்ற முறையை உருவாக்கியிருக்கிறது. இலைகள் கருகிவிட்டால் தண்டை அறுத்து அப்புறப்படுத்திவிட்டு, தோல் முற்றிய பிறகு கிழங்கைத் தோண்டலாம்.

சந்தேகமான இலையை ஆய்வுக்குக் கொண்டுபோகிறவர்கள் பிளாஸ்டிக் பையில் அடைக்க வேண்டாம், வியர்த்து அழுகிவிடும். செய்தித்தாளில் மடித்து, அன்றே கொண்டுபோக வேண்டும். கோடைக்கானலில் வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சமவெளிக்காரர்களுக்கு ஒத்தக்கடை வேளாண் கல்லூரியும், அதே வளாகத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையமும் பக்கம். என்ன மருந்து, எத்தனை முறை, எந்த நாளில் அடித்தீர்கள் என்று எழுதிக் கொண்டுபோனால் பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

வீட்டில் சமைப்பவர்களுக்கு: தோலில் அமுங்கிய பழுப்புத் திட்டு இருந்து, வெட்டினால் உள்ளே செம்பழுப்பாக இருந்தால் அது கருகல் பிடித்த கிழங்காக இருக்கலாம். இந்தக் கிருமி மனிதரைப் பிடிப்பதில்லை. கெட்ட பகுதியைத் தாராளமாக வெட்டி எறிந்துவிட்டு, நாற்றமில்லாத, கெட்டியான மீதியைச் சமைக்கலாம். பச்சை நிறம் ஏறிய கிழங்கு இதோடு சேர்ந்ததல்ல. அது வெளிச்சம் பட்டு நச்சு சேர்ந்தது. அந்தப் பகுதியை ஆழமாகச் சீவி எடுக்க வேண்டும், அதிகமாக இருந்தால் கிழங்கையே ஒதுக்கிவிட வேண்டும். கருகல் கிழங்கு ஒன்று கூடையில் இருந்தால் அதன்மேல் மற்ற அழுகல்களும் ஏறி, பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். மூட்டையாக வாங்குகிறவர்கள் வந்த அன்றே தரையில் பரப்பிப் பொறுக்கிவிட்டு, காற்றோட்டமுள்ள இருட்டான இடத்தில் வெங்காயத்தோடு சேர்க்காமல் வைப்பது நல்லது.